அத்தியாயம் 7: நாயோடு தடையோட்டம் – ஆரணியில் தொடங்குவது எப்படி

வரிசையாக நட்ட கம்பங்களுக்குள் நாய் வளைந்து வளைந்து ஓடுகிறது. குறுக்குக் கம்பியைத் தாண்டுகிறது, குழாய்க்குள் புகுந்து அந்தப் பக்கம் வருகிறது, பலகையில் ஏறி இறங்குகிறது. பக்கத்தில் அதன் ஆள் ஓடுகிறார். கயிறு கிடையாது, கையில் தீனி கிடையாது, நாயைத் தொடவும் கூடாது. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. இதுதான் அஜிலிட்டி.

1978இல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், நிகழ்ச்சிகளுக்கு நடுவே கூட்டம் எழுந்து போகாமலிருக்க, குதிரைத் தாண்டல் போட்டியைப் பார்த்து அமைத்த வேடிக்கை இது. இரண்டே வருடத்தில் அங்குள்ள கென்னல் கிளப் இதை முறையான விளையாட்டாக ஏற்றுக்கொண்டது. 1996 முதல் உலகப் போட்டியும் நடக்கிறது.

நம் பக்கத்தில் பலர் பார்த்திருப்பது போலீஸ் நாய்ப் படையின் சாகசக் காட்சி. அந்த நாய்களும் சுவர் தாண்டும், பலகை ஏறும். ஆனால் அங்கே ஒவ்வொரு கட்டளைக்கும் நின்று கீழ்ப்படிவதுதான் பாடம். இங்கே நிற்க நேரமில்லை. ஒரு தடையிலிருந்து அடுத்ததற்கு ஓடும் வேகத்திலேயே வழி சொல்ல வேண்டும். அந்தக் காட்சியில் வரும் நெருப்பு வளையத்தை மட்டும் வீட்டில் முயன்று பார்க்காதீர்கள். அஜிலிட்டியில் அதற்கு இடமே இல்லை.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். கம்பியைத் தாண்ட நாய் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளும். எந்தக் கம்பி என்று அதற்குப் புரியும்படி காட்ட நாம் கற்பதற்குத்தான் மாதக்கணக்கில் ஆகும்.

உங்கள் நாய் இதற்குத் தயாரா?

ஜாதி நாயாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய் எடை குறைவு, கால் உறுதி, வெயில் பழக்கம் மூன்றும் உள்ளது. என்னைக் கேட்டால் தொடக்கத்துக்கு அதைவிட நல்ல நாய் கிடையாது.

சிப்பிப்பாறையும் கன்னியும் மின்னல் வேகம். ஆனால் கண்ணால் பார்த்து விரட்டும் வேட்டை நாய்கள். ஓணானோ ஆட்டுக்குட்டியோ கண்ணில் பட்டால் உங்கள் குரல் காதில் ஏறாது. வேலி போட்ட இடத்தில் மட்டும் அவிழ்த்து விடுங்கள். ராஜபாளையம் நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. குட்டி தூங்கும்போது பின்னாலிருந்து கை தட்டிப் பாருங்கள். கேட்காவிட்டாலும் கை அசைவை வைத்தே பழக்கலாம். லேப்ரடார் ஆசையாகக் கற்கும்; முதலில் எடையைக் குறையுங்கள். விலாவைத் தடவினால் எலும்பு விரலில் தட்ட வேண்டும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு நம் வெயிலில் இந்த விளையாட்டே வேண்டாம்.

வயது முக்கியம். எலும்பின் வளர்ச்சி முடியும்முன் உயரம் தாண்டினால் மூட்டு வாழ்நாளுக்கும் கெடும். சர்வதேசப் போட்டிகளில் 18 மாதம் ஆகாத நாயைச் சேர்ப்பதே இல்லை. அதற்கு முன்பு தரையில் கிடக்கும் கம்பி, தரையில் கிடக்கும் பலகை, குழாய், இவை போதும்.

தொடங்கும்முன் கால்நடை மருத்துவரிடம் காட்டி இதயம், இடுப்பு, முழங்கால் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய ஜாதி நாய்க்கு இடுப்பு எக்ஸ்ரே நல்லது. வெறிநோய்த் தடுப்பூசி, எலிக்காய்ச்சலையும் தடுக்கும் கூட்டுத் தடுப்பூசி, உண்ணி மருந்து மூன்றும் நாள் தவறக் கூடாது. உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் ஓட மாட்டேன் என்றுதான் முதலில் காட்டும். அதைச் சோம்பேறி என்று திட்டுவோம்.

இடம்: எங்கே ஓடலாம், எங்கே கூடாது

ஆரணியிலும் சுற்றியுள்ள நெசவுக் கிராமங்களிலும் காலை வேளையில் தெருவில் பாவு நீட்டியிருப்பார்கள். நாய்க்கும் அதே நேரம்தான் தோதான நேரம். அந்தத் தெருவில் நாயை அவிழ்த்து விடவே கூடாது. ஒரு பாய்ச்சலில் சில சேலைகளுக்கான பாவு அறுந்தால், ஒரு குடும்பத்தின் பல நாள் கூலி போச்சு. பாவுத் தெருவைக் கடக்கும்போது கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்து, வீட்டுச் சுவரை ஒட்டி நடத்திப் போங்கள்.

கமண்டல நாகநதி வறண்டு கிடக்கும் மாதங்களில் மணல்படுகை கண்ணை இழுக்கும். நடக்க நல்ல இடம். தாண்ட மோசமான இடம். கால் புதையும் மணலில் குதித்தால் தசைநார் இழுத்துக்கொள்ளும். கரையோரம் சீமைக்கருவேல முள் வேறு. அரிசி ஆலைகளின் நெல் உலர்த்தும் களம் சமமாகத்தான் இருக்கிறது, ஆனால் சிமெண்ட். சிமெண்டில் தாண்டல் கிடையாது, ஒரு தடவைகூட. அறுவடை முடிந்த வயலில் தாளின் அடிக்கட்டை பாதத்தைக் குத்தும்.

நமக்கு வேண்டியது 15 மீட்டருக்கு 15 மீட்டர் அளவில், புல்லோ இறுகிய செம்மண்ணோ உள்ள தரை. தென்னந்தோப்பில் மர வரிசைக்கு நடுவே கிடைக்கும், மட்டையும் தேங்காயும் விழாத பக்கமாகப் பாருங்கள். பள்ளி மைதானம் என்றால் தலைமையாசிரியரிடம் முன்கூட்டி அனுமதி வாங்குங்கள். தினமும் முதல் வேலை: தரை முழுக்க நடந்து கண்ணாடித் துண்டு, முள், குழி பார்ப்பது.

திறந்த வெளியில் தெரு நாய்கள் வரும். துணைக்கு ஒருவர் சுற்றிலும் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். அவை நெருங்கினால் பயிற்சியை நிறுத்திவிட்டு நாயைக் கயிற்றில் போடுங்கள். கல் எறிந்தால் சண்டை பெரிதாகும். எந்த நாய் உங்களைக் கடித்தாலும், உங்கள் நாயே விளையாட்டில் பல் பதித்தாலும், சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சாமான்கள்: ஹார்டுவேர் கடையிலேயே முடியும்

*தாண்டு கம்பி.* ஓர் அங்குல பிவிசி குழாய், எல்போ, டீ. இரண்டு பக்கமும் நிற்கும் கால், நடுவே 1.2 மீட்டர் நீளக் குறுக்குக் கம்பி. கம்பியைத் திருகியோ கட்டியோ வைக்கக் கூடாது. குழாய்த் துண்டை நெடுக்காகப் பிளந்து கிண்ணம்போல் காலில் பொருத்தி, அதன்மேல் கம்பியைச் சும்மா வையுங்கள். நாயின் நகம் பட்டாலே விழ வேண்டும். இப்படி நான்கு செய்தால் போதும்.

*வளைவுக் கம்பங்கள்.* போட்டியில் 12 கம்பம், ஒன்றுக்கொன்று 60 செ.மீ. இடைவெளி. ஆறில் தொடங்குங்கள். இரும்புக் கம்பியைத் தரையில் அடித்து அதன்மேல் ஒரு மீட்டர் பிவிசி குழாயைச் செருகலாம். இரும்பின் நுனி எங்கும் வெளியே தெரியக் கூடாது.

*குழாய்.* போட்டிக் குழாயின் வாய் 60 செ.மீ. அகலம். 200 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாயின் இரண்டு பக்கமும் அறுத்தால் ஏறக்குறைய அந்த அளவு வரும். விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி ஒட்டுங்கள். ஒரு எச்சரிக்கை: சாயப்பட்டறையிலிருந்து மலிவாகக் கிடைக்கும் பீப்பாயை வாங்காதீர்கள். சாயமும் அமிலமும் எத்தனை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறி நிற்கும், நாய் நக்கும். உருளாமல் இருக்க அரிசிச் சாக்கில் பாதி மணல் நிரப்பி இருபுறமும் முட்டுக் கொடுங்கள். ஆரணியில் சாக்குக்குப் பஞ்சமில்லை.

*பலகை.* 30 செ.மீ. அகலம், 2.5 மீட்டருக்குக் குறையாத நீளம். பெயிண்ட் ஈரமாக இருக்கும்போதே சலித்த மணலைத் தூவினால் வழுக்காது. இரண்டு முனையிலும் 90 செ.மீ. நீளத்துக்கு மஞ்சள் அடியுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் நாயின் ஒரு பாதமாவது மிதிக்க வேண்டிய பகுதி அது. நாயின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும். சிவப்பு பச்சைப் புல்லில் கரைந்துவிடும். ஆகவே கம்பிகளுக்கும் சிவப்பு வேண்டாம்.

கயிற்றில் தொங்கும் டயர் வேண்டவே வேண்டாம். மோதினால் கழுத்து போகும். 1.7 மீட்டர் உச்சியுள்ள கூரை வடிவ ஏற்றத்தையும் முதல் வருடம் கட்டாதீர்கள். பொருத்தமான தச்சரும் பழகிய பயிற்சியாளரும் கிடைக்கும்போது பார்க்கலாம்.

நாய்க்கான பயிற்சி: இந்த வரிசையில்

ஒரு தடவைக்கு பத்து நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை. அதற்கு மேல் வேண்டாம். அவித்த கோழி ஈரலைப் பட்டாணி அளவுக்கு நறுக்கி வையுங்கள். திராட்சை, சாக்லேட், வெங்காயம் கலந்த எதுவும் கூடாது, நாய்க்கு விஷம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகாமல் ஓடக் கூடாது. ராஜபாளையம் போல மார்பு ஆழமான நாய்க்கு வயிறு முறுக்கிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகும்.

1. குறிச்சொல். சரியாகச் செய்த அந்த நொடியில் "சபாஷ்" என்று ஒரே சொல், உடனே தீனி. வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொல்ல வேண்டும். தடைகளுக்கு "தாவு", "நுழை", "ஏறு", "வளை" என்று வைத்துக்கொள்ளலாம்.

2. வா, இரு. கயிறில்லாமல் கூப்பிட்டால் வர வேண்டும். உட்காரச் சொல்லி நீங்கள் பத்தடி போனாலும் எழக் கூடாது. இவை இரண்டும் வராமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

3. பின்னங்கால் உணர்வு. நாய்க்கு முன்னங்கால் எங்கே இருக்கிறது என்று தெரியும். பின்னங்கால் தானாக வரும் என்று விட்டுவிடும். ஏணியைத் தரையில் கிடத்தி, சட்டங்களுக்கு நடுவே மெதுவாக நடக்க விடுங்கள். ஓடக் கூடாது.

4. திண்ணைப் பாடம். திண்ணையின் கடைசிப் படியில் நாயை நிறுத்துங்கள். தரையில், அதன் மூக்குக்கு நேர் கீழே, தீனியை வையுங்கள். முன்னங்கால் இரண்டும் தரைக்கு இறங்கும். பின்னங்கால் இன்னும் படியில் இருக்கும் அந்த நொடியில் "சபாஷ்"; அதே நிலையில் நிற்கும்போதே தரையில் இன்னொரு துண்டு, இன்னொன்று. பிறகு "போ" என்று விடுவியுங்கள். தீனியைக் கையில் தூக்கிப் பிடித்தால் தலை நிமிரும், பின்னங்கால் இறங்கிவிடும், அதனால் தரையில்தான். பலகையில் மஞ்சள் பகுதியைத் தவறாமல் மிதிக்க இந்தப் படிதான் அடித்தளம்.

5. குழாய். முதலில் ஒரே பீப்பாய். அந்தப் பக்கம் வீட்டார் ஒருவர் உட்கார்ந்து கூப்பிடட்டும். தயங்கினால் உள்ளே தள்ளாதீர்கள். நாலைந்து நாளில் தானாகவே திரும்பத் திரும்பப் புகும்; எல்லா நாய்க்கும் பிடித்த தடை இது.

6. கம்பி. தரையில் கிடத்திக் கடக்க விடுங்கள். பிறகு கணுக்கால் உயரம், வளர்ந்த நாய்க்கு அதன் முழங்கை உயரம். பயிற்சியில் அதற்கு மேல் அவசியமில்லை. சர்வதேசப் போட்டியில் 35 செ.மீ.க்குக் குறைந்த நாய்க்கு 25–30 செ.மீ., 48 செ.மீ.யும் அதற்கு மேலும் உள்ளதற்கு 55–60 செ.மீ. வரை கம்பி வைப்பார்கள். அதை நெருங்கப் பல மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். தீனியை உங்கள் கையிலிருந்து தராமல், நாய் இறங்கி ஓட வேண்டிய திசையில் முன்னால் எறியுங்கள். கையில் தந்தால், தாண்டியதும் உங்களைப் பார்த்துத் திரும்பும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

7. பலகை, ஏற்றப்பலகை. பலகை முதலில் தரையில், பிறகு செங்கல் மேல், பிறகு 30 செ.மீ. உயரத்தில். ஏற்றப்பலகைக்கு, அதாவது ஒரு முனை தாழ மறுமுனை எழும் சீசாவுக்கு, நடுவே 10 செ.மீ. முட்டு மட்டும் கொடுத்து, இரு முனைக்கும் கீழே மடித்த சாக்கு போடுங்கள். தறிச் சத்தத்தில் வளர்ந்த நாய் பலகை இடிக்கும் ஒலிக்கு அவ்வளவாக மிரளாது. ஆனால் காலடியில் தரை நகர்வது வேறு பயம். ஒரு தடவை மிரண்டால் மறுபடி பழக வாரங்கள் ஆகும், அவசரப்படாதீர்கள்.

8. வளைவுக் கம்பங்கள். கடைசியில்தான், அதுவும் வளர்ச்சி முடிந்த நாய்க்கு மட்டும். ஒற்றைப்படைக் கம்பங்களை ஒரு வரிசையாகவும் இரட்டைப்படைக் கம்பங்களை இன்னொரு வரிசையாகவும் நட்டு, நடுவே நாய் நேராக ஓடும் அளவு சந்து விடுங்கள். முதல் கம்பம் எப்போதும் நாயின் இடது தோள் பக்கம் இருக்க வேண்டும், இது விதி. வேகம் குறையாமல் ஓடினால் மட்டும், சில நாளுக்கொரு தடவை, சந்தை இரண்டு விரல் அளவு குறுக்குங்கள். உடல் தானாக வளையத் தொடங்கும். தீனியைக் காட்டி வளைத்து இழுத்தால் நாய் உங்கள் கையைத்தான் கற்கும்.

உங்களுக்கான பயிற்சி

நாய் முதலில் பார்ப்பது உங்கள் பாதமும் தோளும் திரும்பும் திசையை. பிறகு கையை. சொல் கடைசி. வாய் "நுழை" என்று சொல்ல, தோள் கம்பியைப் பார்த்தால், நாய் கம்பிக்குத்தான் போகும், அது சரியும்கூட.

1. நாயில்லாமல் நடங்கள். போட்டியிலும் ஓட்டத்துக்கு முன் ஆட்கள் மட்டும் பாதையைச் சுற்றிவர நேரம் தருவார்கள். எந்தத் தடையில் எந்தப் பக்கம் நிற்பீர்கள், எந்தக் கை என்று நடந்தே மனப்பாடம் செய்யுங்கள். பிறகு நாயின் உயரத்துக்குக் குனிந்து அதே பாதையைப் பாருங்கள். உங்களுக்கு நேராகத் தெரிந்த கம்பி அதற்குக் குழாயின் பின்னால் மறைந்திருக்கும்.

2. பிள்ளையை நாயாக ஓட விடுங்கள். வீட்டுப் பிள்ளையோ நண்பரோ, பேச்சில்லாமல், உங்கள் உடலை மட்டும் பார்த்து ஓட வேண்டும். அவர் தப்பான தடைக்குப் போனால் தப்பு யாருடையது என்று அங்கேயே தெரிந்துவிடும். நாய் வாய் திறந்து சொல்லாத குறையைப் பத்து வயதுப் பிள்ளை பளிச்சென்று சொல்லும்: "அப்பா, நீங்க கையை அந்தப் பக்கம்தானே காட்டினீங்க?"

3. முன் குறுக்கு. நாய்க்கும் அடுத்த தடைக்கும் நடுவே போய், நாயைப் பார்த்தபடி சுழன்று, கையை மாற்றுவது. பயிற்சியாளர்கள் ஃப்ரன்ட் கிராஸ் என்பார்கள். நாய் குழாய்க்குள் இருக்கும் நேரம்தான் இதற்கு வசதி.

4. பின் குறுக்கு. நாயை முன்னால் விட்டு, அதன் பின்னால் பக்கம் மாறுவது, ரியர் கிராஸ். நாயளவு ஓட முடியாதவர்களுக்கு, முழங்கால் வலிக்காரர்களுக்கு, இதுதான் கை கொடுக்கும்.

5. முன்கூட்டிச் சொல்லுங்கள். தாண்டக் கால் எடுக்கும்போதே எங்கே இறங்குவது என்று நாய் முடிவு செய்துவிடும். கம்பிக்கு மேல் இருக்கும்போது கத்தினால் அது காற்றில் திரும்பப் பார்க்கும். கம்பி விழும், இடுப்பு பிசகும். ஒரு தடைக்கு முன்பே அடுத்ததைக் காட்டுங்கள்.

கைபேசியைச் செங்கல் மேல் சாய்த்து ஓட்டத்தைப் படமெடுங்கள். பார்க்கும்போது நாயை விட்டுவிட்டு உங்கள் காலை மட்டும் கவனியுங்கள். காலில் ஷூ அவசியம். செருப்போடு ஓடிக் கணுக்கால் மடங்கினால் நாய்க்கும் சேர்த்து ஓய்வுதான்.

வெயில், நூல், காயம்

நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும்தான். மூச்சிரைத்தே உடம்பைத் தணிக்கும். புறங்கையைத் தரையில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள். பொறுக்கவில்லை என்றால் நாய்க்கும் பொறுக்காது. பயிற்சி விடிந்து ஏழரை மணிக்குள் முடியட்டும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரி தொடும் நாட்களில் திண்ணைப் பாடமும் "இரு" பாடமும் போதும். நவம்பர் மழை விட்டபின் பிப்ரவரி வரை நல்ல பருவம்.

நாக்கு அகன்று தொங்குதல், ஈறு செக்கச் சிவத்தல், எச்சில் ஒழுகுதல், தள்ளாட்டம் இவை வெப்பத் தாக்கம். நிழலுக்குக் கொண்டுபோய் வயிறு, தொடை, பாதம் நனையச் சாதாரணத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள். ஊற்றிக்கொண்டே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். தெளிந்ததுபோல் தெரிந்தாலும் காட்ட வேண்டும்.

நெசவு வீடுகளுக்கு மட்டுமான ஆபத்து ஒன்று உண்டு. கழிவு நூலையும் ஜரிகைத் துண்டையும் நாய் விளையாட்டாக விழுங்கும். நூல் குடலைச் சுருக்கி அறுக்கும். வாந்தி, தீனி வேண்டாமை, வயிற்றைத் தொட்டால் முனகல் என்றால் உடனே மருத்துவர். ஆசனவாயில் நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது. உள்ளே குடல் கிழியும். கழிவு நூலுக்கு மூடி போட்ட டப்பா வையுங்கள், தறிக்குழிப் பக்கம் நாயை விடாதீர்கள்.

ஓடும்முன் ஐந்து நிமிட நடை, முடித்தபின் ஐந்து நிமிட நடை. நொண்டினால் அன்றோடு நிறுத்தம். இரண்டு நாளில் சரியாகவில்லை என்றால் மருத்துவர். மனிதருக்கான வலி மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். பயிற்சியின்போது செயின் காலர் வேண்டாம், கம்பியில் மாட்டும்.

அடிக்கடி நடக்கும் தப்புகள்

முதல் வாரமே கடிகாரம் வைப்பது. வேகம் கடைசியில் வரும். அவசரப்படுத்தினால் கம்பி விழும், மஞ்சள் தவறும்.

விழுந்த கம்பிக்காக அதட்டுவது. நாய்க்கு அதட்டல் கேட்கும்போது அது அடுத்த தடையில் இருக்கும். அந்தத் தடையைத்தான் வெறுக்கும்.

"இன்னும் ஒரே ஒரு தடவை" என்பது. நன்றாக ஓடிய உடனே மூட்டை கட்டுங்கள். நம் ஆட்கள் நன்றாக வந்ததும் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு மறுபடி ஓட வைப்பார்கள். காயம் பெரும்பாலும் அந்த ஓட்டத்தில்தான்.

போட்டிக்குப் போவதானால்

இந்திய கென்னல் கிளப்பின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. அதோடு இணைந்த கிளப்புகள் நடத்தும் கண்காட்சிகளில் பெரும்பாலும் ஜாதி அழகுப் போட்டிதான் நடக்கும். கோடையில் ஊட்டியில் சவுத் ஆஃப் இந்தியா கென்னல் கிளப் நடத்துவதும் அந்த வகைதான். அறிவிப்பு வந்ததும் அஜிலிட்டி உண்டா, ஜாதிச் சான்று இல்லாத நாயைச் சேர்ப்பார்களா என்று முதலில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். போட்டி எட்டாவிட்டாலும், முதலில் ஒரு கண்காட்சிக்கு நாயைக் கூட்டிப் போய் ஒலிபெருக்கி, கூட்டம், மற்ற நாய்களின் வாசனைக்குப் பழக்குங்கள்.

சர்வதேச விதியில் பாதை 100 முதல் 220 மீட்டர். தடைகள் 15 முதல் 22. நடுவர் ஒரு வேகத்தை முடிவு செய்து நேரம் குறிப்பார். பாதை 160 மீட்டர், வேகம் நொடிக்கு 4 மீட்டர் என்றால் 40 நொடி. கம்பி விழுந்தால் 5 புள்ளி குறைவு, மஞ்சளை மிதிக்காவிட்டால் 5, தடையை மறுத்தால் 5. மூன்று முறை மறுத்தாலோ வரிசை மாறித் தடையெடுத்தாலோ ஓட்டம் முடிந்தது. அப்படி ஆகிவிட்டால் திட்டிக்கொண்டே நாயை இழுத்து வராதீர்கள். நடுவர் அனுமதித்தால் எளிய கம்பி ஒன்றைத் தாண்ட வைத்து, கயிற்றைப் போட்டு, வெளியே வந்ததும் ஈரலைக் கொடுங்கள். பிறகு நிழலில் கிடத்தி நான்கு பாதங்களையும் விரல் இடுக்கு வரை விரித்துப் பாருங்கள்: முள், வெடிப்பு, பிய்ந்த நகம்.